லிப்பிட் அறிக்கையின் நான்கு வரிகளும் நாஞ்சில் நாட்டுச் சமையலும்

பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும், ரத்தக் கொழுப்பின் அளவுகளைக் காட்டும் லிப்பிட் அறிக்கையில் பெரும்பாலோர் பார்ப்பது முதல் வரியை மட்டுமே. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டியிருந்தால் அன்று இரவே முட்டை நிற்கும், நெய் நிற்கும், சில வீடுகளில் தாளிப்புகூட நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கும் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் சுற்றும் மற்றொரு கொழுப்பு), எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்), எல்.டி.எல். (தமனிச் சுவரில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரால்) ஆகிய வரிகளை மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். உணவாலும் பழக்கவழக்கத்தாலும் இந்த எண்களைக் குறைக்க நினைப்பவர் முதலில் பழக வேண்டியது அந்த வரிகளைத் தனித்தனியே வாசிப்பதற்குத்தான் என்பது என் கருத்து. எந்த எண் உயர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே தட்டில் எதை மாற்ற வேண்டும் என்பது அமைகிறது. எல்.டி.எல். உயர்ந்தவர் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய்ப் பலகாரங்களைத் தொடர்ந்தாலும், டிரைகிளிசரைடு உயர்ந்தவர் எண்ணெயை அறவே ஒதுக்கிவிட்டு மூன்று வேளையும் அரிசியையே உண்டாலும், அடுத்த அறிக்கையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இராது.

நாகர்கோவிலில் வசிக்கும் எனக்கு வயது 52. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, டிரைகிளிசரைடு 214, எச்.டி.எல். 37, எல்.டி.எல். 158 என்று இருந்தது. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இதில் கடைசி எண்ணைப் பல கூடங்கள் நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃபிரீட்வால்டும் அவருடைய குழுவினரும் வகுத்த ஒரு சூத்திரத்தின்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கும்படி கேட்க வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்தால் கிடைக்கும் எண்ணையும் மருத்துவர்கள் முக்கியமாகக் கருதுகிறார்கள். தமனிச் சுவரில் படியக்கூடிய துகள்கள் அனைத்தையும் அது சேர்த்துக் காட்டுவதே காரணம். என் தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. அதைக் கேட்ட மருத்துவர், எனக்குச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் புகைப்பழக்கமும் இல்லை என்பதால், மாத்திரையைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் உணவை மாற்றிப் பார்க்க மூன்று மாத அவகாசம் கொடுத்தார். நெஞ்சுவலி வந்தவர்களுக்கும், ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கும் இப்படிப்பட்ட அவகாசம் பொருந்தாது என்பதையும் அவரே தெளிவாகச் சொன்னார்.

உணவு இதில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கல்லீரலிலிருந்து தொடங்க வேண்டும். நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி உடலிலேயே, சிறப்பாகக் கல்லீரலில், தயாராகிறது. அந்தக் கல்லீரலே ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் உறுப்பாகவும் இருக்கிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இதற்கென்றே ஏற்பிகள், அதாவது எல்.டி.எல்.-ஐப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், உள்ளன. டெக்சாஸின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரையாகவே இந்த ஏற்பிகள் பழுதுபட்ட குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு கிடைத்த குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வந்ததற்கு, இந்த ஏற்பிகள் இல்லாததே காரணம் என்று நிறுவினார்கள். ஆக, எல்.டி.எல்.-ஐக் குறைப்பது என்பது கொலஸ்ட்ரால் உள்ள உணவைத் தவிர்ப்பதோடு முடிவதில்லை; கல்லீரல் அதிக ஏற்பிகளை வெளியே வைத்துக்கொண்டு ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அதிகமாக இழுக்கும்படி செய்வதே உண்மையான வேலை. நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் செயல்பாட்டைக் குறைக்கிறது. நீரில் கரைந்து பாகுபோல் ஆகும் நார்ச்சத்து அதைக் கூட்டுகிறது. எல்.டி.எல்.-ஐப் பொறுத்தவரை உணவின் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

முட்டையின் மீதுள்ள பயம் தேவைக்கு அதிகமானது என்று எனக்குத் தோன்றுவதும் இதனால்தான். ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால், உணவிலுள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐ உயர்த்தும் அளவு, நிறைவுற்ற கொழுப்பு உயர்த்துவதைக் காட்டிலும் பொதுவாகக் குறைவு. அமெரிக்க உணவு வழிகாட்டி நெறிகள்கூட, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2015-இல் கைவிட்டன. முட்டையை எதில் பொரிக்கிறோம் என்பதுதான் நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வி குமரி மாவட்டத்தில் நேரே தேங்காயெண்ணெயில் போய் முட்டுகிறது. இங்கே அவியலும், தீயல் என்ற வறுத்த தேங்காய்க் குழம்பும், துவரன் என்ற தேங்காய்த் துருவல் பொரியலும் தேங்காயில்லாமல் நடக்காது; சிப்ஸ் தேங்காயெண்ணெயில் பொரிக்கப்படாவிட்டால் அதை வாயில் வைக்கவே பலர் மறுப்பார்கள். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்றது. நெய்யில் அது 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் 15 விழுக்காட்டை ஒட்டி. இந்த வரிசை தெரிந்த பிறகும், தேங்காயெண்ணெய் விதிவிலக்கானது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் நடுத்தர நீளச் சங்கிலி கொண்டது, ஆகவே நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலத்தைப் பாடப்புத்தகம் நடுத்தர வகையில் வைத்தாலும், குடலில் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலி அமிலங்களைப் போலவே உறிஞ்சப்பட்டுக் கொழுப்புத் துகள்களில் ஏறிக்கொள்கிறது. 8, 10 கார்பன் அமிலங்களைக்கொண்டு செய்த ஆய்வுகளின் முடிவை 12 கார்பன் அமிலத்துக்குப் பொருத்துவதை ஒரு வேதியியல் ஆசிரியனாக என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர்களிடம் நடத்தப்பட்ட 16 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2020-இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியான தொகுப்பும் இதையே காட்டுகிறது. வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது, தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்தியது, எச்.டி.எல்.-ஐயும் 4 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தியது. பின்னதை மட்டும் எடுத்துச் சொல்லி முன்னதை விட்டுவிடும் வாட்ஸ்அப் செய்திகளுக்குக் குறைவில்லை.

தேங்காயைப் போற்றுவோர் அடுத்ததாக எடுத்துக்காட்டுவது பசிபிக் தீவு மக்களை. தெங்கை நம்பியே வாழ்ந்த அவர்களிடம் இதய நோய் அரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் நியூசிலாந்து மருத்துவர் இயன் பிரையரின் குழு 1981-இல் வெளியிட்ட, இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுக் கட்டுரையை முழுதாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். டோக்கலாவு தீவினர் தங்கள் உணவாற்றலில் 63 விழுக்காட்டைத் தேங்காயிலிருந்து பெற்றார்கள். புக்கபுக்கா தீவினர் 34 விழுக்காடு பெற்றார்கள். முன்னவர்களின் ரத்தக் கொலஸ்ட்ரால் பின்னவர்களைவிட 35 முதல் 40 மில்லிகிராம் வரை அதிகமாகவே இருந்தது. இரு தீவினரும் சர்க்கரையை அதிகம் அறியாதவர்கள். உணவு மீனும் தேங்காயும் கிழங்கும் ஈரப்பலாவும் (சீமைப்பலா). அந்தப் பாதுகாப்பைத் தேங்காய் மட்டுமே கொடுத்தது என்று எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வரும் நாம் பழம்பொரிக்கு (எண்ணெயில் பொரித்த வாழைப்பழப் பலகாரம்) நியாயம் தேடுவது பொருந்தாது.

எண்ணெய்க் கடை அண்ணாச்சி, "மரச்செக்கு எண்ணெய் வாங்குங்க சார், அது ஒண்ணும் செய்யாது" என்றார். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறாது என்பதை அவரிடம் விளக்க எனக்கு மனம் வரவில்லை. செக்கு நல்லெண்ணெயில் சில நுண்பொருட்கள் அழியாமல் எஞ்சுவது உண்மை. அதனால் தேங்காயெண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பு குறைந்துவிடுவதில்லை. அதுபோலவே, 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருளில்லை. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருள்களில் காணப்படுவது. எந்தத் தாவர எண்ணெயிலும் அதைப் பொருட்படுத்தும் அளவுக்குக் காண முடியாது.

எண்ணெயோடு விஷயம் முடியவும் இல்லை. 100 கிராம் தேங்காய்த் துருவலில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 30 கிராம் நிறைவுற்றது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து பெறும் ஆற்றல் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிராமாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 22 கிராம். காலையில் சட்னி, மதியம் தீயல், கூட ஒரு துவரன் என்று நாங்கள் உண்ட நாள்களில் தேங்காயே இந்த வரம்பை எட்டிப் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், நெய்யை நிறுத்துவதால் என் வீட்டில் பெரிய பயனில்லை என்பது விளங்கியது. நாங்கள் நெய் உண்பதே அபூர்வம். என் மனைவி சமையலை ஒரேயடியாக மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை, அது சரியும்கூட. அன்றாடத் தாளிப்பும் பொரியலும் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் மாறின. தேங்காயெண்ணெய், அவியலின் மேல் கடைசியில் ஊற்றும் ஒரு கரண்டியாகச் சுருங்கியது. காலைச் சட்னியில் பாதி நாள் தேங்காய்க்குப் பதிலாகத் தக்காளியும் வெங்காயமும் வந்தன. பருப்பும் தேங்காயும் சேர்த்து அரைக்கும் குழம்புகளில் பருப்பு கூடித் தேங்காய் குறைந்தது. சுவை மாறவில்லை என்று சொன்னால் அது பொய். தீயலின் சுவை மாறத்தான் செய்தது. ஆகவே தீயலை மட்டும் பழையபடியே, ஆனால் மாதத்தில் ஓரிரு முறை என்று வைத்துக்கொண்டோம்.

இனி நாருக்கு வருகிறேன். கல்லீரல் தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலைக்கொண்டு பித்த அமிலங்களைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவிய பின், அவற்றில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. வழவழப்பான, நீரில் கரைந்து கூழாகும் நார் குடலில் இருந்தால், பித்த அமிலங்களில் ஒரு பகுதி அதில் சிக்கி மலத்தோடு வெளியேறிவிடும். இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும். அதற்கான கொலஸ்ட்ராலை ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-இலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்த வழியையே பின்பற்றும் மருந்துகளும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, எல்லா நாரும் இதைச் செய்வதில்லை என்பது. கோதுமைத் தவிடு மலச்சிக்கலைப் போக்கும், எல்.டி.எல்.-ஐப் பெரிதாக அசைக்காது. ஓட்ஸ், பார்லி ஆகியவற்றிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார், இசப்கோல் உமி, வெண்டைக்காய், கத்தரிக்காய், பருப்பு வகைகள் ஆகியவையே இந்த வேலைக்கு ஏற்றவை.

வெண்டைக்காயும் கத்தரிக்காயும் நான் ஊர்ப்பற்றினால் சேர்த்துக்கொண்டவை அல்ல. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ், எல்.டி.எல்.-ஐத் தனித்தனியே சிறிதளவு குறைக்கும் உணவுகளை ஒரே தட்டில் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஓர் உணவுமுறையை வடிவமைத்தார். தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்) சேர்த்த மார்கரின் (வெண்ணெய்க்கு மாற்றான கொழுப்பு), சோயாப் புரதம், பாதாம் ஆகியவற்றோடு, வழவழப்பு நாருக்காக ஓட்ஸும் பார்லியும் இசப்கோலும் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் அதில் இடம்பெற்றன. 2003-இல் வெளியான அந்த ஆய்வில் 46 பேர் மூன்று பிரிவுகளாக ஒரு மாதம் உணவு உண்டார்கள். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த சாதாரண உணவை உண்டவர்களுக்கு எல்.டி.எல். 8 விழுக்காடு குறைந்தது. அதே உணவோடு லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 30.9 விழுக்காடு, மாத்திரை இல்லாமல் இந்தக் கூட்டு உணவை உண்டவர்களுக்கு 28.6 விழுக்காடு. இந்த எண்களைப் படித்து மகிழ்ந்து மாத்திரையைத் தூக்கியெறிவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அந்த ஒரு மாதமும் உணவை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். ஆலோசனை மட்டும் சொல்லி, சமைப்பதையும் உண்பதையும் அவரவரிடமே விட்டு நடத்திய இரண்டாவது ஆய்வு 2011-இல் வந்தது. அதில் ஆறு மாத முடிவில் கிடைத்தது ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. வீட்டில் உட்கார்ந்து உணவை மாற்றும் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

நம் ஊரில் தாவர ஸ்டெரால் மார்கரினைத் தேடி அலைவதைவிடப் பருப்பைக் கூட்டுவது எளிது. வேகவைத்த பயறு வகைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கிராம் உண்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 5 விழுக்காடு குறைந்ததாக, 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. நாம்தான் தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே என்று கேட்கலாம். சோற்றில் ஊற்றும் சாம்பாரில் ஓர் ஆளுக்கு வரும் பருப்பு மிகக் குறைவு. அது புளித்தண்ணீரும் காயும் சேர்ந்த குழம்பு. 130 கிராம் என்பது ஒரு கிண்ணம் நிறையச் சுண்டல். நவராத்திரிக்கு மட்டும் வைத்திருக்கும் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு ஆகியவற்றை நான் மாலை நேரத்துக்கு நிரந்தரமாக்கிக்கொண்டேன். தேநீரோடு தின்ற நேந்திரங்காய் சிப்ஸின் இடத்தை அது பிடித்துக்கொண்டதால் லாபம் இரு மடங்கு. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் கொடுக்கச் சொன்ன பழமொழியைக் கொள்ளு ரசத்துக்கு ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. கொள்ளை வேகவைத்த நீரை மட்டும் இறுத்து ரசமாக்கிவிட்டு, நார் நிறைந்த பயறை மாட்டுக்குப் போடுவதில் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. பயறைத் துவையலாகவோ சுண்டலாகவோ உண்டால் வேறு கதை.

ஓட்ஸைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸுக்கு இதய நலன் சார்ந்த வாசகத்தை அனுமதித்தபோது நிர்ணயித்த அளவு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன். அதற்கு ஏறத்தாழ 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். ஒரு சிறிய மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் அதில் பாதிதான் வரும், உப்போ தாராளமாக வரும். நான் ஓட்ஸை மோரில் கரைத்துக் கஞ்சியாக உண்கிறேன். பிடிக்காதவர்கள் பார்லியைச் சோறாகவே வடித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம். இசப்கோலை நிறைய நீரோடு உண்ண வேண்டும்; மற்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் அவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. கொட்டைப் பருப்புகளைப் பற்றிய 25 ஆய்வுகளின் தொகுப்பு 2010-இல் வந்தது. நாளுக்குச் சராசரி 67 கிராம் உண்டதில் எல்.டி.எல். 7.4 விழுக்காடு குறைந்திருந்தது. அத்தனை பாதாம் வாங்க என் சம்பளமே தயங்கும். ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையைக்கொண்டு நான் திருப்தியடைகிறேன்.

பூண்டைப் பற்றி எழுதாமல் விட்டால் உறவினர்கள் விடமாட்டார்கள். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்றால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எல்.டி.எல். மிதமாக உயர்ந்திருந்த 192 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்குப் பச்சைப் பூண்டும் சிலருக்குப் பூண்டு மாத்திரைகளும் சிலருக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: எந்த வகைப் பூண்டாலும் எல்.டி.எல்.-இல் மாற்றமில்லை. பூண்டு ரசம் ருசியாக இருக்கும், அதற்காக உண்ணலாம். எலுமிச்சையும் இஞ்சியும் பூண்டும் தேனும் கலந்த சாறு வகையறாவுக்கு நான் இதற்கு மேல் இடம் கொடுக்கப்போவதில்லை.

இதுவரை சொன்னது எல்.டி.எல். வரிக்கு. நம்மவர்களின் அறிக்கையில் அதைவிட அதிகமாகக் காணப்படும் கோளாறு வேறு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (ICMR-INDIAB) ஆய்வில், எல்.டி.எல். உயர்ந்தவர்கள் 11.8 விழுக்காட்டினர் மட்டுமே. டிரைகிளிசரைடு உயர்ந்தவர்கள் 29.5 விழுக்காட்டினர், எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 விழுக்காட்டினர். டிரைகிளிசரைடு உயர்ந்து எச்.டி.எல். தாழும் இந்த இணையை உண்டாக்குவதில் எண்ணெயைவிட மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும் வயிற்றுச் சதைக்கும் பங்கு அதிகம். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி டிரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. காலையில் இட்டலி, மதியம் குவித்த சோறு, மாலையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), இரவில் தோசை என்று உண்ணும் ஒருவருக்கு, சொட்டு எண்ணெய் சேர்க்காவிட்டாலும் இந்த வரி உயரும்.

குமரி மாவட்டத்தில் சிவப்புச் சம்பா அரிசி உண்பதால் எங்களுக்கு இந்தத் தொல்லை வராது என்ற நம்பிக்கை இருக்கிறது. நிறம் சிவப்பாக இருப்பது போதாது. தவிடு எவ்வளவு எஞ்சியிருக்கிறது, அதைவிட முக்கியமாக எத்தனை அகப்பை தட்டில் விழுகிறது என்பதே கணக்கு. நான் செய்த மாற்றம், தட்டில் வைக்கும் வரிசையை மாற்றியதுதான். முதலில் துவரனும் பயறும் மீனும் தட்டில் இடம்பிடிக்கின்றன. மிச்ச இடத்துக்குச் சோறு. மரச்சீனியும் சாளை (மத்தி மீன்) கறியும் உண்ணும் நாளில் சோறு இல்லை, கிழங்கே சோறு. தேநீரில் சர்க்கரை நின்றது. பழம்பொரிக்குப் பதிலாக மட்டிப்பழம், அதுவும் ஒன்று. சாளையும் அயிலையும் (கானாங்கெளுத்தி) கிடைக்கும் ஊரில் வாழ்வதை நான் ஒரு பேறாகவே கருதுகிறேன். அவற்றின் ஒமேகா-3 கொழுப்பு டிரைகிளிசரைடைக் குறைக்கும் தன்மை கொண்டது. ஆனால் மருந்தாகக் கொடுக்கும்போது நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரை கொடுக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மீன்குழம்பு அந்த அளவை எட்டாது. ஆயினும் அந்த இரண்டு நாளும் பொரித்த கோழியும் பரோட்டாவும் தட்டில் இல்லாமல் போவதே நன்மைதான். அந்த மீனையும் தேங்காயெண்ணெயில் முக்கிப் பொரித்தால் நான் மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிட வேண்டியதுதான்.

நடைப்பயிற்சியிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்று, அது கொடுப்பது வேறொன்று. எல்.டி.எல்.-ஐ அது மிகச் சிறிதளவே குறைக்கும்; டிரைகிளிசரைடை நன்றாகவே குறைக்கும்; எச்.டி.எல்.-ஐ ஓரளவு உயர்த்தும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமென்பது நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கான வரம்பு. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே டிரைகிளிசரைடு வரி நன்றாக இறங்கும். புகைப்பதை நிறுத்தினால் எச்.டி.எல். சற்று உயரும் என்பது அந்த நன்மைகளில் மிகச் சிறியது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 53 வயதை ஒட்டி, வருவது தெரிந்தது. அதற்கான காரணங்களின் பட்டியலில் முன்னணியில் நின்றவை ரத்தக் கொழுப்பும் புகையும்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறையைப் பின்பற்றும் நண்பர்களிடம் டிரைகிளிசரைடு அழகாக இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்தால் அது நடக்கத்தான் செய்யும். அவர்களில் சிலருக்கு, வெண்ணெயும் நெய்யும் தேங்காயெண்ணெயும் கூடியதால், எல்.டி.எல். கடுமையாக உயர்ந்திருந்தது. அது கவலைப்பட வேண்டிய எண் அல்ல என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததுதான் எனக்குக் கவலையளித்தது.

அவகாசம் முடிந்து எடுத்த என் அறிக்கை: மொத்தம் 196, டிரைகிளிசரைடு 142, எச்.டி.எல். 39, எல்.டி.எல். 129. எல்.டி.எல். ஏறத்தாழ 18 விழுக்காடு இறங்கியிருந்தது. டிரைகிளிசரைடு 150 என்ற வரம்புக்குள் வந்திருந்தது. ஒரே மனிதருக்கே இந்த எண்கள் சோதனைக்குச் சோதனை சில விழுக்காடு ஏறி இறங்கும் என்பதால் முழுவதையும் சுண்டலின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன். மருத்துவர் பாராட்டினார், பாராட்டிவிட்டு, தந்தையின் வரலாற்றைக் கருதினால் 129 போதாது, 100-க்குக் கீழே போக வேண்டும் என்று குறைந்த அளவில் ஸ்டாடின் எழுதினார். இயற்கையாகவே குறைக்க முடியாதா என்று கேட்ட உறவினர் ஒருவர், சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைச் சிபாரிசு செய்தார். அதில் வேலை செய்யும் மோனாக்கோலின்-கே என்பது லோவாஸ்டாடினேதான். மருந்துக் கடையில் வாங்கினால் அளவு திட்டமாகத் தெரியும், இதில் தெரியாது. முதல் ஸ்டாடினை ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் கண்டெடுத்ததும் ஒரு பெனிசிலியப் பூஞ்சையிலிருந்துதான். ஆகவே மாத்திரையை வாங்கிக்கொண்டேன். உணவை விடவும் இல்லை. ஸ்டாடினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது 6 விழுக்காடு அளவுக்கே என்பதால், உணவு கொடுக்கும் குறைவு ஒரு முழு இரட்டிப்பைவிடப் பெரியது.

என் தம்பி திருப்பூரில் இருக்கிறான். என் கதையைக் கேட்டு அவனும் பரிசோதனை செய்துகொண்டான்: மொத்தம் 198, டிரைகிளிசரைடு 310, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 102. முதல் வரி 200-க்குள் இருந்ததால், "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நீங்க செஞ்சதையே நானும் செய்றேன், தேங்காயெண்ணெய நிறுத்திட்டேன்" என்று தொலைபேசியில் சொன்னான். அவன் நிறுத்த வேண்டியது தேங்காயெண்ணெயை அல்ல. வார இறுதியின் மதுவை நிறுத்தச் சொன்னேன். இரவுப் பரோட்டாவையும் பாட்டில் பானங்களையும் விடச் சொன்னேன். சோற்றைப் பாதியாக்கி மாலையில் நடக்கச் சொன்னேன். 310 என்பது சர்க்கரை நோயின் நிழலாகவும் இருக்கலாம் என்பதால், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ1சி பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்கும்படியும், அதுவரை என் உணவுப் பட்டியலைப் பின்பற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.